அடுத்த அடி அக்காவுடையது

என் அக்காவை ஓரிடத்தில் உட்கார வைக்க வேண்டுமென்றால் காதில் ஹெட்செட்டை மாட்டிவிட வேண்டும். வேறு வழியே கிடையாது. ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூமில் அவளுக்கு வேலை. அந்தப் பக்கம் யாரோ அலறிக்கொண்டிருப்பார்கள். இந்தப் பக்கம் இவள், "அவரை ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாசக் கதவைத் திறந்து வைங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்பாள். குரல் கொஞ்சம்கூடப் பிசகாது. ஆனால் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தால் தெரியும், கால் தையல் மிஷின் மிதிப்பதுபோல் ஓடிக்கொண்டிருக்கும். அவளுடைய நாற்காலிக் கைப்பிடியில் இருந்த பஞ்சையெல்லாம் பிய்த்துப் பிய்த்து இப்போது வெறும் இரும்புதான் மிச்சம். வேலை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டால் அந்த ஆட்டம் உடம்பு முழுக்க ஏறிக்கொள்ளும். மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்பாள். மூடிய குழாயைப் போய் இன்னொரு முறை இறுக்குவாள். டீயைப் போட்டு வைத்துவிட்டுக் குடிக்க மறந்து மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள்.

இந்த லட்சணத்தில் இருப்பவளைத்தான் அத்தான் கோல்ஃப் ஆடக் கூட்டிக்கொண்டு போனார்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். வாய் மட்டும் இல்லையென்றால் அவரை யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அழுகிறவர்களைக்கூட வெளியிலிருந்தே பேசிச் சிரிக்க வைத்துவிடுவார். அவர் ஆடுவது நகராட்சி மைதானம். பெரிய மனிதர்கள் ஆடுகிற இடம் வேறு. இங்கே பிளம்பர், நர்ஸ், லாரி டிரைவர், மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் என்று கலந்துகட்டி ஆடுவார்கள். மொத்தமே ஒன்பது குழிதான். புல் அங்கங்கே சொட்டை விழுந்திருக்கும். எனக்கு ஆடத் தெரியாது. இவர்கள் இருவருடைய கிளப், அதாவது மட்டைகள், வைத்த பையையும் தள்ளுவண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு கூடவே போவேன். வேடிக்கை பார்ப்பதிலும் குறை சொல்வதிலும் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

அந்த மைதானத்தில் ஆண்டுதோறும் தம்பதிகள் போட்டி நடக்கும். போட்டி என்றால் தலைக்கு ஒரு பந்து இல்லை. ஜோடிக்கு ஒரே பந்து. புருஷன் ஒரு அடி, அது விழுந்த இடத்திலிருந்து பெண்டாட்டி அடுத்த அடி, மறுபடி புருஷன். இப்படியே குழியில் விழும்வரை மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். இவர் செய்கிற கோளாறு அவர் தலையில்தான் விடியும். இதில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு: ஜோடிக்குள் 'ஸாரி' சொல்லக் கூடாது. சொல்ல ஆரம்பித்தால் ஆட்டம் முடிவதற்குள் குடும்பம் பிரிந்துவிடும் என்பார்கள். அதனால் பந்தைக் கொண்டுபோய் எந்தச் சாக்கடையில் போட்டாலும் அடித்தவர் பேசாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பார்.

அக்காவுக்கு எல்லா அடியும் வரும். பங்கர் மட்டும் வராது. பங்கர் என்பது மணல் நிரப்பிய பள்ளம். குழி இருக்கும் மொழுமொழுப் புல்தரையைச் சுற்றி, வேண்டுமென்றே வெட்டி வைத்திருப்பார்கள். பந்து அதில் விழுந்தால் மெதுவாகத் தூக்கி வெளியே போட வேண்டும். அக்கா இறங்கினால் பதறிப்போய்ப் பந்தின் மண்டையில் ஒரு போடு போடுவாள். அது துப்பாக்கிக் குண்டுபோல் சீறிக்கொண்டு புல்தரையைத் தாண்டி எதிர்ப்பக்கப் புதருக்குள் போய் விழும். அப்புறம் அத்தான் முள்ளுக்குள் குனிந்து அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

போன வருடப் போட்டி முடிந்து எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அத்தான் கப்பைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார். "எல்லாருக்கும் ஒரு அறிவிப்பு. என் பொண்டாட்டி பங்கர்ல இறங்கினா, அந்தாண்ட நிக்கறவங்க தயவுசெஞ்சு ஹெல்மெட் மாட்டிக்குங்க!"

கூரை பறக்கிற மாதிரி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அக்காவும் சிரித்தாள், ஆனால் பிஸ்கட்டைக் கையிலேயே நொறுக்கிவிட்டாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. இந்த வருடப் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடுப்படியில் வைத்து அத்தான் மெதுவாக ஆரம்பித்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு முட்டி போய்விட்டது, இனி ஆட முடியாது. அவர் மனைவி நன்றாக ஆடுகிறவர், ஜோடி இல்லாமல் நிற்கிறார். தம்பதிகள் போட்டி என்று பேர்தான், யாரும் யாருடனும் ஆடலாம்.

"இந்த வருஷம் நாம ஆடுவோம்," என்றார். "பார்ப்போம். உனக்கும் இது டென்ஷன்தானே? சரிப்பட்டு வரலைன்னா அடுத்த வருஷம் நான் அந்தம்மாவோட ஆடறேன். நீ நிம்மதியா வேடிக்கை பாரு."

அக்கா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். "சரிங்க," என்றாள். முட்டை கருகிவிட்டது.

கேட்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். மகன் வேலைக்கு வெளியூர் போனபிறகு, அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து செய்கிற காரியம் என்று இது ஒன்றுதான் பாக்கி. இவளுக்கு ஷிப்ட், அவருக்கு எந்த நேரமும் எந்தக் கட்டடத்திலாவது லிஃப்ட் நிற்கும். சாப்பாடுகூடத் தனித்தனிதான். சனிக்கிழமை மைதானத்தில்தான் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே திசையில் நடப்பார்கள். அதுவும் போனால் என்ன மிஞ்சும் என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. ஆனால் மறுநாளே என்னைக் கூப்பிட்டு, "நான் பங்கர் கத்துக்கப் போறேன். அவருக்குத் தெரிய வேண்டாம்," என்றாள்.

கற்றுக்கொடுத்தவள் மகள் வயதுப் பெண். மைதானத்தில் கோச். எந்நேரமும் சூயிங் கம் மென்றுகொண்டிருப்பாள். பயிற்சிக்கென்று ஓரமாக இருந்த பங்கரில் அக்காவை இறக்கிவிட்டுப் பந்தைத் தன் பாக்கெட்டில் போட்டுக்கொண்டாள். மணலில் விரலால் ஒரு கோடு கிழித்தாள்.

"பந்து கிடையாது மேடம். இந்தக் கோட்டை மட்டும் அழிங்க."

"பந்து இல்லாம என்னத்த அடிக்கறது?"

"மணலைத்தான். பந்துக்கு ரெண்டு விரல்கடை பின்னாடி மணலை வெட்டி எடுக்கணும். அந்த மணல்தான் பந்தைத் தூக்கிட்டுப் போகும். நீங்க பந்தைத் தொடவே கூடாது. நீங்க அதையே முறைச்சுப் பார்க்கறீங்க, அதான் அது பயந்து ஓடுது."

கிளப்பின் முகம் வானத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். பாதியில் கையை நிறுத்தக் கூடாது, தோள்வரைக்கும் வீசி முடிக்க வேண்டும் என்றாள். அப்புறம், "நிக்கறதுக்கு முன்னாடி காலை இப்படி ஆட்டி ஆட்டி மணலுக்குள்ள புதைச்சுக்கணும். சும்மா நிக்காதீங்க, ஆட்டுங்க," என்றாள். எங்கள் வீட்டில் பிறந்ததிலிருந்து 'காலை ஆட்டாதே' என்று திட்டு வாங்கியே வளர்ந்தவள் அக்கா. அவளைக் காலை ஆட்டு என்று ஒருத்தி சொன்னது அன்றுதான் முதல்முறை. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அதற்குப் பிறகு பிடித்துக்கொண்டது பைத்தியம். வேலைக்குப் போகும் முன்னால் மைதானம், வேலை முடிந்ததும் மைதானம். அத்தானிடம் ஓவர்டைம் என்று சொல்லிவிடுவாள். கன்ட்ரோல் ரூம் மேஜையில் தண்ணீர் சிந்தினால் அதில் ஒரு கோடு கிழித்து விரலால் வழித்தெடுப்பாள். வீட்டு வாசலில் குடையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மிதியடியின் ஓரத்தை வீசி அடித்துப் பார்ப்பாள். மிதியடி ஒருநாள் பக்கத்து வீட்டு ஜன்னலில் போய் ஒட்டிக்கொண்டது. உள்ளங்கையில் தோல் உரிந்து, அதற்கு மேல் பிளாஸ்திரி, அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்திரி. எனக்கு அவளைப் பார்க்கவே படபடப்பாக இருந்தது. வராவிட்டால் என்ன ஆவாள் என்று பயமாகவும் இருந்தது.

வந்துவிட்டது. ஒருநாள் காலையில் புஸ்ஸென்று மணல் எழும்பியது, அதற்கு நடுவிலிருந்து பந்து சோம்பேறித்தனமாக மேலே வந்து, புல்லில் விழுந்து, கொஞ்சம் உருண்டு நின்றது. நான் கத்திவிட்டேன். கோச் பெண் சூயிங் கம் மெல்வதை நிறுத்தினாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா மேடம்? தூரத்துல இருந்து நீங்க அடிக்கறது எல்லாம் நேராத்தானே போகுது? அப்புறம் எப்படிப் போட்டியில நீங்க எப்பப் பார்த்தாலும் பங்கர்லயே கிடக்கறீங்க?"

அக்கா ஷூவில் இருந்த மணலைக் கொட்டிக்கொண்டே, "எப்படியோ போயிடுது," என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வருடக்கணக்காகப் பை இழுத்தவள் நான். ஒவ்வொரு போட்டியாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அக்கா அடிப்பது கொஞ்ச தூரம்தான் போகும், ஆனால் ரயில் தண்டவாளம் மாதிரி நேராகப் போகும். அத்தானுக்குக் கை நீளம், ஆசை அதைவிட நீளம்; பலமாக அடித்துப் பந்தை மணலில் போடுவார். அடுத்த அடி அக்காவுடையது. இவள் பள்ளத்தில் இறங்குவாள். மணலில் போட்டவர் வெளியே நின்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பார். இத்தனை வருடமாகப் பங்கர் என்றால் அக்கா என்று ஊரே சிரித்தது. அங்கே போட்டது யார் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை!

வெளியே வந்ததும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "உனக்கு இது தெரியுமா?"

"எது?"

"நடிக்காதே. மணல்ல போடறது பூரா அவருதானே?"

"தெரியுமே," என்றாள் சாதாரணமாக.

"அப்ப அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி ஹெல்மெட்டுன்னு சொன்னப்போ வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொன்னா என்ன ஆகும்? அடுத்த தடவை பயந்துகிட்டே அடிப்பாரு. பயந்தா இன்னும் கோணலாப் போகும். வெளிய எடுத்துட்டா அவரே புரிஞ்சுக்குவாரு, விடு."

எனக்கு வந்த கோபத்துக்கு அவளையும் அடிக்கலாம், அத்தானையும் அடிக்கலாம் போல இருந்தது. புரிந்துகொள்கிற ஆளா அவர்?

போட்டி நாள் வந்தது. எதிர் ஜோடி பிளம்பரும் அவர் மனைவியும். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி வேடிக்கை பார்க்க எங்கள் கூடவே நடந்துவந்தார். பாவம், நல்ல மனுஷி. அவர்மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

இரண்டாவது குழியிலேயே அத்தான் வழக்கம்போல் பந்தைக் கொண்டுபோய் மணலில் புதைத்தார். "அய்யோ, பங்கர்! போச்சு," என்று அவரே அலுத்துக்கொண்டார். அக்கா இறங்கினாள். காலை ஆட்டினாள். புஸ்ஸென்று மணல் எழும்ப, பந்து குழியில் நட்டிருந்த கொடிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. பிளம்பரின் மனைவி கைதட்டினார். அத்தான் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, இன்னிக்கு உனக்கு அதிர்ஷ்ட நாள்!" என்றார்.

நாலாவது குழியில் மறுபடி மணல். மறுபடி அக்கா வெளியே எடுத்தாள். "ரெண்டாவது தடவையும் தப்பிச்சுட்டே," என்றார். ஆறாவதில் மறுபடி. இந்தமுறை அவர் கடைக்காரரின் மனைவி பக்கம் திரும்பி, "சொல்லிச் சொல்லி ஒருவழியா மண்டையில ஏத்திட்டேன் பாருங்க," என்று கண்ணடித்தார். நான் பை வண்டியை ஒரு கல்லின்மேல் வேண்டுமென்றே ஏற்றினேன். கிளப்புகள் எல்லாம் சரிந்தன. அவருக்கு உறைக்கவில்லை.

கடைசிக் குழிக்கு வந்தபோது மற்ற ஜோடிகளெல்லாம் பின்தங்கிவிட, இந்த இரண்டு ஜோடியும் சமம். இதில் ஜெயித்தவர்களுக்குத்தான் கோப்பை. அன்றைக்கென்று அத்தானின் முதல் அடி அபூர்வமாக நடுப்புல்லில் போய் விழுந்தது. குஷியாகிவிட்டார். பந்தை நோக்கி நடக்கும்போது கடைக்காரரின் மனைவியிடம் சொன்னது எங்கள் இருவர் காதிலும் விழுந்தது.

"அடுத்த வருஷம் நீங்களும் நானும் ஆடறப்ப ஒரு நிம்மதி. இந்தப் பங்கர் தொல்லை இருக்காது."

அவர் விளையாட்டுக்கும் சொல்லவில்லை, வஞ்சகமாகவும் சொல்லவில்லை. மழை வரும் என்று சொல்வதுபோல் சொன்னார். காலையிலிருந்து அவள் எடுத்துப்போட்ட ஒன்றும் அவர் கணக்கிலேயே இல்லை. முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது.

அக்கா நின்றாள். நான் அவள் காலைத்தான் பார்த்தேன். ஆடவில்லை.

அடுத்த அடி அவளுடையது. தூரம் அதிகமில்லை, நேரே கொடி. கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலும் புல்தரையில் போட்டுவிடுவாள். இடது பக்கத்தில் அந்த மைதானத்திலேயே ஆழமான பங்கர் இருந்தது. ஆள் இறங்கினால் உச்சந்தலை மட்டும் வெளியே தெரியும். என் கையிலிருந்து கிளப்பை வாங்கும்போது அவள் மெதுவாக, "பார்த்துக்கிட்டே இரு," என்றாள். நின்றாள். அவள் இடது தோள் கொடியைப் பார்த்து இல்லை. பள்ளத்தைப் பார்த்து இருந்தது.

தண்டவாளம் மாதிரி நேராகப் போனது பந்து. பள்ளத்தின் நட்டநடுவில் விழுந்தது.

"என்னம்மா இது!" அத்தான் தலையில் கைவைத்துக்கொண்டார்.

யாரும் ஸாரி சொல்லவில்லை. அக்கா பையிலிருந்து மணலுக்கான கிளப்பை உருவி அவரிடம் நீட்டினாள். "உங்க முறை."

அதை வாங்கிக்கொண்டு அவர் நின்ற நிலையைச் சொல்ல வேண்டும். வருடக்கணக்காக எத்தனை போட்டி ஆடியிருப்பார்! ஒன்றிலும் மணலில் இறங்கியதில்லை. எப்படி இறங்கியிருக்க முடியும்? சறுக்கிக்கொண்டே உள்ளே போனார். பந்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். நிமிர்ந்து, எம்பி, மறுபடி நிமிர்ந்தார்.

"கொடி எங்க இருக்கு? இங்கேர்ந்து ஒண்ணுமே தெரியலையே!"

"தெரியாதுங்க," என்றாள் அக்கா.

"அப்ப இத்தனை நாளா நீ எப்படித்தான் அடிச்சே?"

"குத்துமதிப்பாதான்."

அவள் புல்தரைக்கு நடந்தாள். குழியிலிருந்து கொடிக்கம்பை உருவித் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள். பள்ளத்தில் இருப்பவருக்குக் குழி எந்தப் பக்கம் என்று தெரிவதற்காக ஜோடி ஆள் செய்கிற காரியம் அது. பிளம்பர் தன் மனைவிக்குச் செய்து பார்த்திருக்கிறேன். அத்தான் அக்காவுக்கு ஒருநாள்கூடச் செய்ததில்லை.

"இப்பத் தெரியுதா?" என்று கேட்டாள். ஆம்புலன்ஸ் கன்ட்ரோல் ரூம் குரல்.

அத்தான் கிளப்பை ஓங்கினார். வீசினார். பந்து பள்ளத்தின் சுவரில் முட்டி, உருண்டு திரும்பி வந்து அவருடைய ஷூவுக்குப் பக்கத்தில் நின்றது. வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் முகமெல்லாம் மணல். வாயில்கூட. சிரித்தவர்களைத் திரும்பிப் பார்த்தார், ஏதாவது வேடிக்கையாகச் சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். வாயைத் திறந்து மணலைத்தான் துப்பினார்.

அடுத்த அடி அக்காவுடையது. கொடியைக் குழியில் செருகிவிட்டு வந்து இறங்கினாள். கிளப்பை அவள் கையில் கொடுத்துவிட்டு அத்தான் சுவரைப் பிடித்து ஏறினார். வழக்கமாக அவர் நிற்கும் இடத்தில் இடுப்பில் கைவைத்து நிற்பார் என்று நினைத்தேன். நிற்கவில்லை. நேராகப் புல்தரைக்குப் போனார். கொடியை உருவி இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"தெரியுதாம்மா?" என்று அங்கிருந்தே கேட்டார்.

பள்ளத்துக்குள்ளிருந்து அக்கா சொன்னாள்: "இன்னும் கொஞ்சம் மேல."

அத்தான் குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது.

மணல் எழும்பியது. பந்து வந்து அவர் காலடியில் விழுந்தது. அவர் அதைக் குழிக்குள் தள்ளிவிட்டார். ஆனாலும் ஒரு அடி அதிகமாகிவிட்டது. கோப்பையைப் பிளம்பர் வீட்டுக்கு எடுத்துப் போனார்.

ஷூ கழுவும் குழாயடியில் மூன்று பேரும் நின்றிருந்தோம். அத்தான் நெடுநேரம் ஒரே ஷூவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல், "அந்தம்மாகிட்ட வேற ஜோடி பார்த்துக்கச் சொல்லிடறேன். அடுத்த வருஷமும் நாமளே ஆடுவோம்," என்றார்.

அக்கா குழாயை மூடினாள். ஒரு தடவைதான் மூடினாள்.

"நான் இன்னும் சரின்னு சொல்லலையே," என்றாள். "முதல்ல நீங்க பங்கர்லேர்ந்து வெளிய வரக் கத்துக்குங்க. அப்புறம் யோசிக்கலாம்."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. "யார்கிட்ட கத்துக்கிட்டே?" என்று கேட்டார்.